பூச்சு உரியுது, குழல்ல ஈயம் படியுது: பவுடர் கோட்டிங் போட்ட வார்ப்புக் குண்டில் எங்கே பிழை?

#1 ஈயக்கரண்டி

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருசமா ஈயம் வார்த்து, கிரீஸ் தடவித்தான் சுட்டுட்டு வந்தேன். கை பிசுபிசுப்பு, புகை, டையில் மெழுகு அடைப்பு எல்லாம் போதும்னு தோணி, போன மாசம் பவுடர் கோட்டிங்குக்கு (குண்டு மேல பெயிண்ட் பவுடரை ஒட்டவெச்சு ஓவனில் வேகவைக்கிற முறை) மாறினேன். இப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறேன், உதவி வேணும்.

விவரம் இதுதான். 9 மி.மீ. பிஸ்டல். 124 கிரெய்ன் உருண்டை மூக்கு அச்சு, அதாவது ஒரு குண்டு சுமார் 8 கிராம். கலவை பழைய சக்கர எடைக்கட்டி (கார் சக்கரத்தைச் சமன்படுத்த மாட்டுற ஈயக்கட்டி) உருக்கினது, நூற்றுக்கு 2 பங்கு வெள்ளீயம் சேர்த்தேன். அடியில் முக்கோணத்துக்குள்ள 5 போட்ட பிளாஸ்டிக் டப்பா, கறுப்பு ஏர்சாஃப்ட் மணிகள், சிவப்பு பாலியஸ்டர் பவுடர். ஒன்றரை நிமிசம் சுழற்றினா நல்லா ஒட்டுது. இடுக்கியால் ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டாத தாளில் நிறுத்தி, டோஸ்டர் ஓவனில் 200 டிகிரியில் 15 நிமிசம். வெளியே வரும்போது கண்ணாடி மாதிரி மின்னுது. ஆறினதும் 0.356 அங்குல சைசிங் டையில் (குண்டைச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவர்ற அச்சு) தள்ளுறேன்.

50 ரவுண்டு சுட்டேன். குழலுக்குள்ள பார்த்தா, மருந்தறை முடிஞ்சு ரைஃப்லிங் (குழல் உள்சுவரில் இருக்கிற சுருள் வரிப்பள்ளம்) தொடங்குற இடத்துல சாம்பல் கோடு கோடா ஈயம். மணல் பெட்டியில் தோண்டி எடுத்த குண்டுல ரைஃப்லிங் பதிஞ்ச இடம் முழுக்க பூச்சு இல்லை, ஈயம் பளிச்னு தெரியுது. பூச்சு போட்டா ஈயமே படியாதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? பவுடர் மட்டமா, கலவை மிருதுவா, வேற என்ன?

#2 குழல்நோக்கி

தம்பி, பவுடர் மேல பழி போடறதுக்கு முன்னாடி நாலு விசயம் பார்த்துச் சொல்லுங்க.

1. பூச்சு போட்ட குண்டு ஒண்ணை இரும்புக் கட்டை மேல வெச்சு சுத்தியலால் தட்டையாகுற வரைக்கும் அடிங்க. பூச்சு ஈயத்தோட சேர்ந்து விரியுதா, செதில் செதிலா தெறிக்குதா?

2. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைச்சு இன்னொரு குண்டை அழுத்தித் தேயுங்க. துணியில் சிவப்பு ஏறுதா?

3. குழலோட உள் அளவு என்ன? பெட்டியில் போட்டிருக்கிறதைச் சொல்ல வேண்டாம். மிருதுவான ஈயத் துண்டு ஒண்ணைக் குழலுக்குள்ள தள்ளி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்த எண் வேணும்.

4. பித்தளைக் கூட்டுல குண்டை உட்கார வெச்ச பிறகு, மருந்தும் ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கிற மூடி) இல்லாத ஒரு டம்மியில் இருந்து குண்டை வெளியே இழுத்து அளந்து பார்த்திருக்கீங்களா?

நாலாவது கேள்வியைத்தான் ரொம்பப் பேர் விட்டுடறாங்க.

#3 ஈயக்கரண்டி

அண்ணே, உடனே பண்ணிப் பார்த்துட்டேன்.

சுத்தியல்: மூணாவது அடியிலேயே சிவப்புச் செதில் பறந்துடுச்சு. நகப்பூச்சு காஞ்சு உரியற மாதிரி. அசிட்டோன்: துணி சிவப்பாயிடுச்சு. தேய்ச்ச இடத்துல ஈயமே எட்டிப் பார்க்குது.

குழலை அளந்தேன், 0.3562. டம்மியில் இருந்து இழுத்த குண்டு 0.3535! ரெண்டு தடவை அளந்தேன், அதே எண்தான். கூட்டுக்குள்ள போகும்போது 0.356 இருந்த குண்டு வெளிய வரும்போது எப்படி இரண்டரை தௌ குறையும்?

(புதுசா வந்தவங்களுக்கு: தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறைப் பேச்சு.)

#4 சூட்டுமானி

பூச்சைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அளவு பற்றிக் குழல்நோக்கி ஐயா சொல்லட்டும்.

உங்களுடையது அரைவேக்காடு. சுத்தியலும் அசிட்டோனும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன.

மின்னுகிறதே என்று நம்பிவிட்டீர்கள். பாலியஸ்டர் பவுடர் வேகும்போது இரண்டு கட்டம் நடக்கிறது. முதலில் உருகிப் பரவி வழவழப்பாகிறது. இது இலக்குச் சூட்டுக்கு வெகு முன்பே, தண்ணீர் கொதிக்கும் சூட்டைச் சற்றுத் தாண்டியதுமே தொடங்கிவிடும். அப்போதே பார்க்க முடிந்த வேலை போலத்தான் இருக்கும். இரண்டாவது கட்டம்தான் உண்மையான வேக்காடு: பிசினின் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலையாகின்றன. வலை விழுந்த பிறகு திரும்பச் சூடாக்கினாலும் அது உருகாது, அசிட்டோனிலும் கரையாது, ஈயம் நசுங்கும்போது கூடவே நீளும். வலை விழாத பூச்சு வெறும் உறைந்த பிசின். ரைஃப்லிங் மேடு அதை மழித்துக்கொண்டு போய்விடும். உங்கள் மணல் பெட்டிக் குண்டில் நடந்தது அதுதான்.

பவுடர் டப்பாவின் தரவுத்தாளை எடுத்துப் பாருங்கள். "200 டிகிரியில் 10 நிமிடம்" என்கிற மாதிரி போட்டிருக்கும். பக்கத்திலேயே உலோக வெப்பநிலை என்று ஒரு வார்த்தை இருக்கும். ஓவன் குமிழில் எழுதியிருக்கிற சூடு வேறு, காற்றின் சூடு வேறு, குண்டின் சூடு வேறு. கடிகாரம் ஓட வேண்டியது குண்டு அந்தச் சூட்டைத் தொட்ட பிறகுதான்.

ஈயத்தைச் சூடாக்க அதிக வெப்பம் தேவையில்லை. அதன் வெப்ப ஏற்புத்திறன் இரும்பினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 100 குண்டு சேர்ந்தாலும் 800 கிராம்தான். ஆனால் சின்ன ஓவனில் அந்த வெப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காற்று. விசிறி இல்லாத ஓவனில் காற்று தேங்கி நிற்கும், கதவைத் திறந்து தட்டு வைக்கும்போது பாதிச் சூடு வெளியே போயிருக்கும். கூடையில் குவித்துப் போடுகிறவர்களுக்கு நடுவில் இருக்கும் குண்டு இன்னும் பின்தங்கும்.

ஒரு குண்டின் அடியில் சின்னத் துளை போட்டு, தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும்) கம்பியைச் செருகி, தட்டின் நடுவில் வையுங்கள். கம்பியைக் கதவிடுக்கு வழியாக வெளியே எடுத்து மீட்டரில் மாட்டுங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணை எழுதுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

#5 கசடுவாரி

சூட்டுமானி சொல்றதுல தப்பில்லை, ஆனா பூச்சு கனமும் காரணமா இருக்கலாம்ல? எனக்கு இதே மாதிரி உரிஞ்சப்ப ரெண்டாவது கோட் போட்டேன், நின்னுடுச்சு. மழைக்காலத்துல காத்துல ஈரம் ஏறிட்டா நிலைமின்சாரம் பிடிக்காது, பவுடர் திட்டுத் திட்டா ஒட்டும். மெல்லிசா இருக்கிற இடத்துல ரைஃப்லிங் வெட்டிடும்.

இன்னொண்ணு, எல்லா நிறமும் சுழற்றல் முறைக்கு ஒத்துவராது. என்கிட்ட இருக்கிற ஒரு மங்கல் கறுப்பு எவ்வளவு ஆட்டினாலும் ஒட்டாது. அதே டப்பா, அதே மணி, சிவப்பு மட்டும் பச்சக்குன்னு பிடிக்கும்.

#6 சூட்டுமானி

கசடுவாரி அண்ணே, ஈரம் பற்றி நீங்கள் சொல்வது சரி. மணியும் டப்பாவும் உரசி உண்டாகிற மின்னூட்டத்தில்தான் பவுடர் ஒட்டுகிறது. ஈரக்காற்றில் அது தங்காமல் கசிந்துவிடும். பவுடரைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைப்பதும், கட்டி தட்டியிருந்தால் சலித்துக்கொள்வதும் நல்லது.

ஆனால் கனம் இங்கே காரணம் இல்லை. மெல்லிய பூச்சு என்றால் திட்டுத் திட்டாக ஈயம் தெரியும், இருக்கிற பூச்சு அசிட்டோனுக்கு அசையாது. இவருக்குக் கரைந்தே போய்விட்டது. உங்களுக்கு இரண்டாவது கோட்டில் சரியானதற்கு வேறொரு விளக்கம் இருக்கிறது: முதல் கோட் இரண்டாவது தடவையும் ஓவனுக்குள் போய், விட்ட வேக்காட்டை அப்போது முடித்துக்கொண்டது. ஒரே கோட் போட்டு இரண்டு மடங்கு நேரம் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

#7 கசடுவாரி

இப்படி யோசிக்கலை. பார்த்துட்டுச் சொல்றேன்.

ஆனா சூட்டை ஏத்தச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லுங்க, ஏன்னா நான் பட்டிருக்கேன். பழைய சால்டர் கம்பி நிறைய கிடைச்சுதுன்னு கலவையில் அள்ளிப் போட்டேன். 200 டிகிரியில் வெச்ச தட்டைத் திறந்தா, குண்டெல்லாம் மூக்கு சாஞ்சு, சில இடத்துல அடியில் குட்டை மாதிரி தேங்கி நிக்குது. பூச்சு மட்டும் தோல் மாதிரி அப்படியே இருக்கு, உள்ள ஈயம் வழிஞ்சு போச்சு. அன்னைக்கு 140 குண்டு வீண்.

#8 குழல்நோக்கி

அது ஏன்னு எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். சுத்த ஈயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 63, ஈயம் 37 கலந்த சால்டர் 183 டிகிரியிலேயே மொத்தமா உருகிடும். அதனால வெள்ளீயம் மிஞ்சிப் போன எந்தக் கலவையும் 200 டிகிரியில் உள்ளுக்குள்ள கூழாகத் தொடங்கிடும். ஆன்ட்டிமனி சேர்ந்த அச்செழுத்து உலோகம், அதான் ஈயம் 84, ஆன்ட்டிமனி 12, வெள்ளீயம் 4, அது 240 டிகிரிக்குப் பக்கத்துல உருகும். சக்கர எடைக்கட்டியோட 2 பங்கு வெள்ளீயம்னா 200 டிகிரிக்குப் பயமில்லை. ஆனா ஓவன் கம்பி செவந்து எரியும்போது அதுக்கு நேர் கீழே இருக்கிற வரிசை காத்தை விட அதிகமா சூடாகும். கம்பிக்கும் குண்டுக்கும் நடுவுல ஒரு தகடு மறைப்பா வைங்க.

எடைக்கட்டி உருக்கறவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். இப்ப வர்றதுல துத்தநாகமும் இரும்பும் நிறைய. ஐரோப்பிய ஒன்றியம் 2005லயே புது கார்களுக்கு ஈயக்கட்டியைத் தடை பண்ணிடுச்சு. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். பாத்திரத்தை 370 தாண்டாம வெச்சா மேல மிதக்கும், கரண்டியால வாரி எடுத்துடலாம். சூடு மீறி உள்ள கலந்துட்டா கலவை கஞ்சி மாதிரி ஆகி அச்சு முழுசா நிரம்பாது.

சரி, தம்பி கேட்ட 0.3535க்கு வர்றேன்.

9 மி.மீ. கூடு உள்ளே நேர்க்குழாய் இல்லை. வாயில சுவர் மெல்லிசு, கீழே போகப் போகத் தடிக்கும், கூடே கொஞ்சம் கூம்பு. குண்டு உள்ள ஆழமா உட்காரும்போது, தடிச்ச சுவர் மிருதுவான ஈயத்தைப் பிடிச்சுப் பிழிஞ்சுடும். செம்புத் தோல் போட்ட கடைக்குண்டு கடினம், தாங்கும். நம்ம ஈயம் தாங்காது. உங்க குழலோ 0.3562. அதுக்குள்ள 0.3535 குண்டு போனா சுத்தி இடைவெளி. எரிஞ்ச வாயு அந்த இடைவெளியில குண்டை முந்திக்கிட்டுப் பாயும், ஓரத்தை உருக்கி அறுத்து, ஈயத்தைக் குழல் சுவரில் அப்பிட்டுப் போகும். சாம்பல் கோடு ரைஃப்லிங் தொடங்குற இடத்துல வர்றது அதனாலதான்.

ரெண்டு வழி. வாயை விரிக்கிற டை, செம்புத் தோல் குண்டுக்கானது வேற, வார்ப்புக் குண்டுக்கானது வேற. ரெண்டாவதில் உள்ளே போற தண்டு கொஞ்சம் தடிமன், நீளமும் கூட. குண்டோட அடி எவ்வளவு தூரம் போகுமோ அதுவரை கூட்டை விரிச்சுக் கொடுக்கும். அதைப் போடுங்க. சைசிங் டையை 0.357க்கு மாத்துங்க. குழல் அளவை விட ஒரு தௌ கூட இருக்கணும்ங்கிறது வார்ப்புக் குண்டுக்குப் பழைய விதி. பூச்சு வந்ததால அந்த விதி மாறிடலை.

வாயை நல்லா மலர்த்துறதும் முக்கியம். மலர்த்தாம உட்கார வெச்சா கூட்டோட விளிம்பு பூச்சைச் சுருள் சுருளா சீவி எடுத்துடும். பிரஸ்ஸில் கூட்டைச் சுத்தி மெல்லிய சிவப்பு வளையம் விழுதான்னு பாருங்க. அதே மாதிரி கிரிம்ப் (கூட்டு வாயைக் குண்டு மேல அழுத்திப் பிடிக்க வைக்கிறது), மலர்த்தின வாயை நேராக்கிற அளவுக்குப் போதும். அழுத்திக் கிரிம்ப் பண்ணினா அதுவும் ஒரு சைசிங் டைதான், குண்டு சுருங்கிடும்.

#9 மெழுகுப்பெட்டி

நான் முப்பது வருடமாகத் தேன்மெழுகு கலந்த கிரீஸில் சுடுகிறவன். பூச்சை எதிர்த்துப் பேச வரவில்லை, ஒன்றைச் சொல்ல வந்தேன்.

ஈயத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஏதாவது ஒரு திரை வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நீள் தூரத் துப்பாக்கிக்காரர்கள் ஈயக்குண்டைச் சுற்றி மெல்லிய காகிதத்தை ஈரமாகச் சுற்றி உலர்த்திப் பயன்படுத்தினார்கள். 1882இல் சுவிட்சர்லாந்தின் எட்வார்ட் ரூபின் செம்புத் தோல் போட்டார். 1980களில் நைலான் பூசிய ஈயக்குண்டு கடைக்கே வந்தது. இப்போது பாலியஸ்டர். இத்தனை வழியிலும் ஒரே நிபந்தனை: குண்டு குழலை அடைத்துக்கொண்டு போக வேண்டும். கிரீஸ் பள்ளத்தில் இருக்கிற மெழுகு சிறு இடைவெளியைக் கொஞ்சம் மன்னிக்கும், ஏனென்றால் அழுத்தத்தில் அது பிதுங்கி ஓரத்துக்கு வரும். பூச்சு பிதுங்காது. அளவு குறைந்த பூச்சுக் குண்டு, அளவு குறைந்த கிரீஸ் குண்டைவிட மோசமாகவே நடந்துகொள்ளும் என்பது என் அனுபவம்.

அடிப்பாகத்தையும் கவனியுங்கள். நிறுத்தி வைத்து வேகவைக்கும்போது பவுடர் உருகி அடியைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு விளிம்பு கட்டும். குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிதான். அங்கே ஒரு பக்கம் பிசிறு இருந்தால் வாயு அந்தப் பக்கமாக முந்தித் தள்ளும், குண்டு விலகும். சைசிங் டையில் அடிப்பக்கம் முதலில் தள்ளினால் பெரும்பாலும் சமமாகிவிடும், இல்லாவிட்டால் கத்தியால் சுற்றிச் சீவுங்கள். இலக்கில் குழு (குண்டுகள் விழுந்த துளைகளின் கூட்டம்) பரந்துபோனால் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அடியைத்தான்.

#10 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. பாதுகாப்பு பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். படிக்கிறவர்களில் புதியவர்கள் அதிகம்.

தோட்டா தயாரிக்க உங்கள் நாட்டில் உரிமம் தேவையா, அனுமதி உண்டா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சில நாடுகளில் துப்பாக்கி உரிமம் இருந்தாலும் தோட்டா மறுநிரப்பத் தனி அனுமதி வேண்டும், சில நாடுகளில் அறவே கூடாது.

இந்த இழையில் பவுடர் என்றால் பெயிண்ட் பவுடர், மருந்து என்றால் கூட்டுக்குள் எரிவது. இரண்டையும் குழப்பி எழுத வேண்டாம். மருந்து அளவை யாரும் இங்கே எண்ணாகப் போட வேண்டாம். அச்சிட்ட கையேட்டில் வார்ப்பு ஈயக்குண்டுக்கென்று தந்திருக்கும் தொடக்க அளவிலிருந்து மேலேறுங்கள். பூச்சு போட்ட குண்டின் தோள் பகுதி தடிப்பதால், பழைய நீளத்தில் மருந்தறைக்குள் போகாமல் ரைஃப்லிங்கில் முட்டலாம். கழற்றிய குழலில் டம்மியைப் போட்டுப் பாருங்கள்: "டக்" என்று விழுந்து, விரலால் சுழல வேண்டும். முட்டுகிறது என்று இன்னும் ஆழமாக உட்கார வைத்தால் கூட்டுக்குள் இடம் குறைந்து அழுத்தம் கூடும். 9 மி.மீ. மாதிரி சின்னக் கூட்டில் இது விளையாட்டு இல்லை. நீளம் மாறினால் மருந்தையும் தொடக்க அளவுக்கு இறக்கி மறுபடி ஏறுங்கள்.

ஈயம். உருக்கும் சூட்டில் ஆவியை விடக் கசடுத் தூள்தான் பெரிய வழி: கையில் ஒட்டி வாய்க்குப் போவது, துணியில் ஒட்டி வீட்டுக்குள் போவது. வேலை இடத்தில் சாப்பாடு, தேநீர், புகை கூடாது. கையைக் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை இரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, அவர்களை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள். உருகிய பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து அடியில் மாட்டினால், அது நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும், பாத்திரமே முகத்தில் வந்து விழும். முகமூடிக் கண்ணாடி, தோல் கையுறை, மூடிய காலணி எப்போதும் வேண்டும்.

பெயிண்ட் பவுடர். நுண்தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாது, மூக்கை மூடும் தூசிக்கவசம் போடுங்கள். டி.ஜி.ஐ.சி. (பிசினை வலையாகப் பிணைக்கும் வேதிப்பொருள்) சேர்ந்த பாலியஸ்டர் என்றால் இன்னும் எச்சரிக்கை; அந்தப் பொருள் தோலுக்கு ஒவ்வாமை தரும், மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டது. அது இல்லாத பாலியஸ்டரும் விற்கிறார்கள். காற்றில் பறக்கும் பவுடர் தீப்பிடிக்கும், ஓவனுக்குப் பக்கத்தில் டப்பாவைத் திறந்து ஆட்டாதீர்கள். ஓவன் காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். அதை இனி ஒருபோதும் சமையலுக்குத் திருப்பக் கூடாது. மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

#11 புதுஅச்சு

ஐயா, நான் அச்சிலிருந்து நேரா தண்ணியில போட்டுக் கடினமாக்குறேன். அதுக்கப்புறம் ஓவன்ல 200 டிகிரி வெச்சா அந்தக் கடினம் போயிடுமா?

#12 குழல்நோக்கி

போயிடும். ஆன்ட்டிமனியும் துளி ஆர்சனிக்கும் இருக்கிற கலவை தண்ணியில விழுந்தா இறுகும். அதைத் திரும்ப 200 டிகிரியில வெச்சு மெதுவா ஆறவிட்டா பழையபடி மிருதுவாகிடும். கடினம் வேணும்னா ஓவன்ல இருந்து எடுத்த கையோட கூடையை அப்படியே தண்ணியில முக்குங்க, கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். குண்டு திடமா இருக்கிறதால இது உருகின பாத்திரத்துல தண்ணி விழற ஆபத்து இல்லை, ஆவி மட்டும் அடிக்கும், கையைத் தள்ளி வெச்சுக்குங்க.

ஆனா பிஸ்டல் வேகத்துக்கு இது தேவையே இல்லைன்னு நினைக்கிறேன். பூச்சு வந்தப்புறம் பிரினெல் (உலோகத்தோட கடின அளவு) 10, 12 இருக்கிற சாதாரண எடைக்கட்டிக் கலவையே போதும். சுத்த ஈயம் 5 தான், அது கொஞ்சம் மிருது. அதையும் இதமான வேகத்துல பூச்சோட சுடறவங்க இருக்காங்க. கடினத்துக்குச் செலவு பண்ற நேரத்தை அளவுக்குச் செலவு பண்ணுங்க.

#13 ஈயக்கரண்டி

பத்து நாள் ஆச்சு. எல்லாத்தையும் ஒண்ணொண்ணா செஞ்சு பார்த்துட்டு எழுதுறேன்.

முதல்ல தெர்மோகப்பிள். குண்டு ஒண்ணுல துளை போட்டு நடுவுல வெச்சேன். குமிழ் 200ல இருக்கு. கதவைச் சாத்தினப்ப குண்டு 31 டிகிரி. அஞ்சு நிமிசத்துல 118, பூச்சு அப்பவே மின்னத் தொடங்கிடுச்சு, கண்ணாடி வழியாப் பார்த்துட்டே இருந்தேன். பத்துல 156. பதினஞ்சுல, அதாவது நான் வழக்கமா வெளிய எடுக்கிற நேரத்துல, 171. அதுக்கு மேல 176லயே நின்னுடுச்சு, ஏறவே இல்லை. நான் சுட்ட அத்தனை குண்டும் 200ஐப் பார்த்ததே இல்லை! இவ்வளவு நாளும் அந்தக் குமிழை நம்பிட்டு இருந்திருக்கேன்.

குமிழை 230க்கு ஏத்தி, கம்பிக்கும் குண்டுக்கும் நடுவுல தகடு மறைப்பு வெச்சேன். காலி ஓவனை 20 நிமிசம் சூடாக்கிட்டுத் தட்டை வெச்சேன். குண்டு 200 தொட 9 நிமிசம், அதுக்கப்புறம் 203க்கும் 206க்கும் நடுவுல நிக்குது. 200 தொட்டதுல இருந்து 12 நிமிசம் எண்ணி எடுத்தேன். ஓரத்துல இருந்து ஒண்ணு, நடுவுல இருந்து ஒண்ணு, மூலையில இருந்து ஒண்ணு எடுத்து சுத்தியலால அடிச்சேன். காசு மாதிரி தட்டையாகுற வரைக்கும் அடிச்சேன், பூச்சு கூடவே விரிஞ்சு வந்துச்சு, விளிம்புல மட்டும் நிறம் வெளுத்துச்சு. அசிட்டோன் துணி வெள்ளையாவே இருக்கு.

அளவு: 0.357 டை, வார்ப்புக் குண்டுக்கான விரிக்கும் தண்டு. டம்மியில இருந்து இழுத்தா 0.3568. மருந்தறை சோதனையில பழைய நீளத்துல முட்டுச்சு. நெறியாளர் ஐயா சொன்னபடி நீளத்தைக் குறைச்சு, மருந்தைக் கையேட்டுத் தொடக்க அளவுக்கு இறக்கித்தான் ஆரம்பிச்சேன்.

நேத்து 100 ரவுண்டு. குழலை வீட்டுக்கு வந்து விளக்கு அடிச்சுப் பார்த்தேன். காய்ஞ்ச துணி ஒண்ணை உள்ள தள்ளினேன், கறுப்பு மருந்துக் கரி மட்டும் வந்துச்சு. ரெண்டாவது துணி கிட்டத்தட்ட சுத்தம். அந்தச் சாம்பல் கோடு இருந்த இடம் கண்ணாடி மாதிரி இருக்கு. மணல்ல இருந்து எடுத்த குண்டுல ஆறு ரைஃப்லிங் தடமும் சிவப்பாவே பதிஞ்சிருக்கு. அதை மேசை மேல வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

எல்லாருக்கும் மனசார நன்றி.

#14 கசடுவாரி

தம்பி, ரொம்ப சந்தோசம். நானும் சூட்டுமானி சொன்ன சோதனையைச் செஞ்சேன். ஒரே கோட், இரண்டு மடங்கு நேரம். நிக்குது. ரெண்டாவது கோட்டை விட்டுட்டேன்.

#15 புதுஅச்சு

கடைசியா ஒரு கேள்வி. 30 காலிபர் ரைஃபிளுக்குப் போடணும்னா, அடியில வைக்கிற செம்புக் கிண்ணத்தைப் பூச்சுக்கு முன்னாடி மாட்டணுமா, பின்னாடியா?

#16 குழல்நோக்கி

ரெண்டு விதமாவும் செய்றாங்க. நான் பூச்சுக்கு முன்னாடி சைசிங் டையில தள்ளிக் கிண்ணத்தை இறுக்கிடுவேன், அப்புறம் பூச்சு, அப்புறம் கடைசி அளவுக்குத் திரும்ப சைசிங். பின்னாடி மாட்டினா அடித் தண்டுல பவுடர் ஏறியிருக்கும், கிண்ணம் நேரா உட்காராது. சாஞ்ச கிண்ணத்தோட 100 மீட்டர்ல குழு பிடிக்கவே முடியாது. முன்னாடி மாட்டும்போது கிண்ணத்துல எண்ணெய் இருந்தா அந்த இடத்துல பூச்சு ஒட்டாது, அசிட்டோன்ல கழுவி நல்லா காயவிட்டு மாட்டுங்க. உங்க குழலை அளந்துட்டு எண்ணைப் போடுங்க, டை அளவை அப்புறம் பேசலாம்.

#17 புதுஅச்சு

சரி ஐயா. ஈயத் துண்டு தள்ளி அளந்துட்டு ஞாயித்துக்கிழமை எழுதுறேன்.